சுடாத கால்

யூன் 19, வியாழன்

காலையிலிருந்து சோளகக் காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் செம்மண். திரும்ப அலசினேன். திரும்பவும் செம்மண்.

திருநெல்வேலியில் ரியூசன், பின்னேர வகுப்பு. நரம்புத் தொகுதி தொடக்கம். பலகையில் தெறிவில் வரைந்தேன். சுடுசட்டி, விரல், தோலில் சூட்டை உணரும் வாங்கி, புலன் நரம்பு, முதுகெலும்புக்குள் முண்ணாண், இயக்க நரம்பு, தசை. சூடு என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர முன்பே கை இழுபட்டுவிடும் என்றேன்.

"அப்ப மூளைக்குச் சொல்லாமலே முண்ணாண் முடிவெடுக்குதோ மிஸ்?" பின்வரிசை வாங்கில் ஒருத்தி.

"எங்கடை அம்மா மாதிரி. அப்பாவுக்குப் பிறகுதான் தெரியும்." மற்றவள்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும்.

திரும்பும்போது எதிர்க்காற்று. பலாலி வீதியில் பஸ் போனபோதெல்லாம் கண்ணுக்குள் மண். கோப்பாய்க்கு வந்து சேர இருட்டுப்படத் தொடங்கிவிட்டது.

படலையில் புஷ்பம் மாமி. பக்கத்து வளவு. கையில் அம்மாவின் இடது செருப்பு.

"இந்தா பிள்ளை, கொம்மாவின்ரை. கடையடியிலை கிடந்தது. மகாராணி ஒற்றைச் செருப்போடை ஊர்வலம் வந்திருக்கிறா."

அம்மா உள்ளேயிருந்து வந்து குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஒன்றில் செருப்பு. மற்றது வெறுங்கால், கணுக்கால் வரை செம்மண்.

"கழண்டது தெரியேல்லை பாரன்!"

மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம்.

கடையிலிருந்து வீடு வரை கல் ஒழுங்கை. சிரித்து முடிந்த பிறகே அது எனக்கு உறைத்தது.

யூன் 21, சனி

வெயில். காற்று கொஞ்சம் அடங்கியது.

நேற்று என் காலில் செய்து பார்த்தேன். விளக்குமாற்று ஈர்க்கு, நுனிப் பக்கம். உள்ளங்காலில் இழுத்தால் விரல்கள் தானாக மடங்குகின்றன. மடங்காமல் வைத்திருக்க முடியவில்லை.

இன்று மத்தியானம் அம்மா சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் பாயில். நித்திரை. பக்கத்தில் இருந்தேன்.

இடது கால்.
பெருவிரல்: ஒன்றும் இல்லை.
மற்ற விரல்கள்: ஒன்றும் இல்லை.
விரல்களுக்குக் கீழே உள்ள மேடு: இல்லை. ஈர்க்கு வளையும் வரை அழுத்தினேன். இல்லை.
உள்ளங்கால் குழி: சந்தேகம்.
குதி: கால் இழுபட்டது.

அதோடு நிறுத்தினேன். வலது கால் சேலைக்குள். எடுத்துப் பார்க்கவில்லை.

நித்திரையில் இருப்பவரைச் சோதிப்பது முறையில்லை. தெரியும். கேட்டுச் செய்திருந்தால் விளக்கம் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அம்மாவுக்கு அப்பா இருந்த காலத்திலேயே தொடங்கிய சலரோகம், சீனி வருத்தம். நீளமான நரம்பு நார்கள்தான் முதலில் பழுதாகும். உடம்பில் மிக நீளமானவை இடுப்புப் பக்கமிருந்து கால்விரல் வரை போகிறவை. இடையில் முடிச்சில்லை, மாற்று ஆளில்லை. ஒரே கலத்தின் ஒரே நார். கம்பஸில் சோதனைக்குப் படித்தபோது அந்த வசனம் எனக்குப் பிடித்திருந்தது. கீழே கோடு போட்டிருக்கிறேன்.

யூன் 23, திங்கள்

கத்தரி பிஞ்சிலேயே புழு. மருந்தடிக்க வருகிறேன் என்றவர் வரவில்லை.

போன வருடத் தேரைப் பற்றி எழுதவேண்டும்.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைக்கவேண்டுமென்று அம்மா நேர்ந்த நேர்த்திக்கடன். அது கிடைக்கும் வரை ஒவ்வொரு வருடமும் எங்கள் அம்மன் கோயில் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுப்பது. மண்சட்டியில் கற்பூரம் எரியும். சட்டிக்குக் கீழே வேப்பிலை பிடித்து, வெறுங்காலோடு, தேருக்குப் பின்னால் வெளிவீதி சுற்றவேண்டும். மணல் வீதி. தேர் தெற்குப் பக்கம் திரும்பும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிடும். பெண்கள் ஒரு காலை வைத்து மறுகாலைத் தூக்குவார்கள். ஓடி ஓடி நிழலில் நிற்பார்கள். தண்ணீர் கேட்பார்கள்.

அம்மா நடந்தார். வீட்டுச் சீமெந்தில் நடப்பதுபோல.

"அவவுக்குச் சுடாது. அம்மாளாச்சி அவவிலை நிக்கிறா." முதலில் சொன்னது புஷ்பம் மாமி. பிறகு எல்லோரும்.

அதுவரை அம்மா எங்கும் பின்னுக்கு நிற்கிற ஆள். அப்பா காலமானபின் யாரும் நில் என்று சொல்லவில்லை, தானாகவே நிற்கப் பழகினார். தேருக்குப் பிறகு கோயிலில் பூக்கட்டக் கூப்பிட்டார்கள். இந்தச் சித்திரையில் ஒரு கலியாண வீட்டுப் பலகாரச் சூட்டுக்கே கூப்பிட்டார்கள். அம்மா இரண்டு சேலையைக் கட்டிக் கழற்றி, மூன்றாவதைக் கட்டிக்கொண்டு போனார். வரும்போது கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார்.

இன்று சொல்லிவிடுவதென்று குசினிக்குப் போனேன்.

"அம்மா, காலிலை விறைப்பு ஏதும் இருக்கோ?"

"வயசு போனால் விறைக்கும்தானே."

"கிளினிக்கிலை சொன்னனீங்களோ?"

"அங்கை நிக்கிற சனத்துக்குள்ளை நான் சேலையைத் தூக்கிக் காலைக் காட்டுறதோ? நல்ல கதை. நீ சாப்பிடு, புட்டு ஆறப்போகுது."

சாப்பிட்டேன்.

யூன் 27, வெள்ளி

வகுப்பு. நோவு வாங்கிகள்.

"நோகாத ஆக்களும் இருக்கினமோ மிஸ்?"

"இருக்கினம். சிலருக்குப் பிறப்பிலையே நோவு தெரியாது."

"குடுத்து வைச்சவை."

"இல்லை. சாப்பிடேக்கை நாக்கைக் கடிச்சுப்போடுவினம், தெரியாது. காலிலை ஆணி ஏறும், தெரியாது. நோவு எண்டது காவல் நாய் மாதிரி. குரைச்சால்தான் எழும்பிப் பாப்பம்."

"எங்கடை நாய் ஆரைக் கண்டாலும் வாலாட்டும் மிஸ்."

திரும்பவும் சிரிப்பு. நன்றாக விளங்கப்படுத்தினேன். அதுதான் வெட்கம்.

நடந்து வரும்போது கவனித்தது, நான் கேளாமலே கால் எனக்குச் சொல்பவை: செருப்பு வார் எங்கே உரசுகிறது. எந்தக் கல் கூர். நிலம் சரிகிறதா. நான் எங்கே முடிகிறேன், தரை எங்கே தொடங்குகிறது.

அம்மாவுக்கு அந்த எல்லை இப்போது எங்கே? கணுக்காலடியிலா?

இன்னொன்று. கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடும்போது அம்மா ஒரு கையால் கிணற்றுக்கட்டைப் பிடிக்கிறார். கண் திறந்திருந்தால் பிடிப்பதில்லை. கால் எங்கே நிற்கிறதென்று காலால் தெரியவில்லை, கண்ணால் பார்த்து நிற்கிறார். எவ்வளவு காலமாக இப்படி? நானும் அதே கிணற்றில்தான் குளிக்கிறேன்.

யூலை 1, செவ்வாய்

கொடியேற்றம். வீடு கழுவினோம். மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டிகள் மேலே ஏறின.

இன்று பாதி சொன்னேன்.

"இந்த முறை சட்டியை நான் எடுக்கிறன் அம்மா. எனக்காகத்தானே."

"நேர்ந்தது நான். நீ எடுத்தால் அது வேறை."

"மணல் கொதிக்கும்."

"எனக்குச் சுடாது பிள்ளை."

மெதுவாகச் சொன்னார், நாடியைத் தாழ்த்திக்கொண்டு. பாராட்டைக் கேட்டு வெட்கப்படும் சின்னப் பெட்டையின் முகம். அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு நரம்பு என்ற சொல் வரவில்லை.

சொன்னால் என்ன சொல்வேன்? அம்மாளாச்சி நிற்கவில்லை, நார்கள் செத்துவிட்டன என்றா? எனக்காக நேர்ந்த நேர்த்தியைப் பார்த்து?

வேறு வழி யோசித்தேன். வீதியில் உருண்டு பிரதட்டை செய்யும் ஆண்களுக்காகப் பவுசர் வண்டியில் தண்ணீர் அடிப்பார்கள். பெண்கள் வரும் பக்கமும் அடித்தால் போதும். மணல் குளிர்ந்தால் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. நல்ல யோசனை என்று நினைத்தேன். இப்போதும் எழுதும்போது நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது.

யூலை 9, புதன்

தேர். மேகம் ஒரு துண்டும் இல்லை.

காலையிலேயே போய்ப் பவுசரடியில் நின்ற ஆளிடம் கேட்டேன்.

"அண்ணை, பொம்பிளையள் வாற பக்கமும் அடிச்சு விடுங்கோவன்."

"அடிச்சாச்சுத் தங்கச்சி. அங்கை பாருங்கோ, ஈரம்."

ஈரம்தான். காலால் தொட்டுப் பார்த்தேன். குளிர். நிம்மதி.

தேர் கிழக்கில் ஒருமுறை இறுகி நின்றது. சில்லுக்குக் கட்டை போட்டு, எடுத்து, போட்டு. அது திரும்பித் தெற்குக்கு வரும்போது ஈரம் எங்கேயும் இல்லை. மணல் வெள்ளையாக எரிந்தது.

நான் ஓரத்தில், கயிற்றுக்கு வெளியே நின்றேன். கற்பூரச்சட்டிகள் வரிசையாக வந்தன. முன்னுக்கு அம்மா. காற்று. சட்டிகளிலிருந்து சுவாலை சரிந்தது. யாரோ ஒருவரின் சட்டியிலிருந்து கற்பூரத் துண்டுகள் எரிந்தபடி மணலில் விழுந்தன. விழுந்தும் எரிந்தன.

மற்றப் பெண்கள் விலகினார்கள். ஒருத்தி குழறிக் கத்தினாள். அம்மா சட்டியைப் பார்த்தபடி வந்தார். நேரே. இடது கால் அதன்மேல். நின்றார். தேர் அந்த நேரம் பார்த்து நின்றதால் அவரும் நின்றார்.

நான் கத்தினேன். பறைமேளத்தில் எனக்கே கேட்கவில்லை.

"அம்மாளாச்சீ!" என்று யாரோ. பிறகு எல்லோரும். இரண்டு மூன்று பேர் அந்த மணலில் விழுந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். புஷ்பம் மாமி அழுதுகொண்டே வழி விலக்கினார். "விடுங்கோ, அவவை முன்னுக்கு விடுங்கோ."

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றேன். கயிறு இடுப்பளவுதான். குனிந்து போயிருக்கலாம்.

யூலை 10, வியாழன்

தீர்த்தம். பௌர்ணமி, போயா விடுமுறை. எல்லாம் பூட்டு.

"காலைக் காட்டுங்கோ."

"ஒண்டுமில்லை. மஞ்சள் பூசியிருக்கிறன்."

பிடித்து இழுத்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம். நெல்லிக்காயளவு. மஞ்சளுக்கு மேலே திருநீறு. கழுவி, மருந்து பூசி, துணி கட்டினேன்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"வைரவர் மடை முடியட்டும் பிள்ளை. திருவிழா முடியாமல் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கிறதோ? நோகேல்லை எண்டால் மாறும்தானே."

சரி என்றேன். அம்மா கேட்டார், சரி என்றது நான்.

யூலை 14, திங்கள்

சனி, ஞாயிறு மாதிரிப் பரீட்சை. திருத்தி முடித்தபோது கண் எரிந்தது. அந்த இரண்டு நாளும் காலைப் பார்க்கவில்லை. தானே கட்டு மாற்றுகிறேன் என்றார். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

மூக்குத்தான் முதலில் சொன்னது. இன்று காலை விறாந்தையில் மணம். எலி செத்துக் கிடக்கிறதென்று வாங்குக்கு அடியில் பார்த்தேன். அரிசிப் பெட்டிக்குப் பின்னால். கூரை வளையில். எல்லா இடமும் தேடி நிமிர்ந்தால் எதிரே கதிரையில் அம்மா.

காய்ச்சல். கணுக்கால் வரை சிவப்பு. கட்டை அவிழ்த்ததும் கண்டதை எழுதமாட்டேன்.

ஓட்டோ. வழியெல்லாம் அம்மா கேட்டது: "இண்டைக்கு உனக்கு வகுப்பெல்லோ?"

யூலை 16, புதன்

பெருவிரலும் அடுத்ததும் எடுத்தாயிற்று.

டொக்டர் இளம் ஆள். என் வயதிருக்கும். குரல் உயர்த்தவில்லை.

"அம்மா, உங்கடை காலிலை உணர்ச்சியே இல்லை. கனகாலமா இல்லை. வீட்டிலை காலைப் பாக்கிறதுக்கு ஒருதரும் இல்லையோ?"

"இருக்கிறாதானே மகள்." அம்மா என்னைக் காட்டினார். பெருமையாக. "ரீச்சர். உயர்தரத்துக்குப் பயோ படிப்பிக்கிறா."

டொக்டர் என்னைப் பார்த்தார். கட்டில் அட்டையில் ஏதோ எழுதினார்.

யூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரி வாட் மூலையில் மின்விசிறி சுற்றவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணின் மகன் விசிறி மட்டை கொண்டுவந்தான், எங்களுக்கும் ஒன்று.

புஷ்பம் மாமி வந்தார். தோடம்பழம், திருநீறு, அழுகை.

"கண்ணூறு அக்கா. அண்டைக்குச் சனம் பாத்த பார்வை. நான் அப்பவே நினைச்சன்."

அம்மா தலையாட்டினார். மாமி போனபிறகு நீண்ட நேரம் தோடம்பழத்தை உரித்தார். வெள்ளை நாரெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரல்களுக்கு இன்னும் எல்லாம் தெரிகிறது.

"நான் அண்டைக்கு நித்திரையில்லை," என்றார்.

"எண்டைக்கு?"

"நீ ஈர்க்குக் குச்சியாலை தொட்டனி. முதல் ஒண்டும் தெரியேல்லை. குதியிலை கூசினது. கண்ணை லேசாத் திறந்து பாத்தன். நீ காலையே பாத்துக்கொண்டு இருந்தாய். பள்ளிக்கூடத்திலை கணக்குச் செய்யிற மாதிரி."

உரித்த தோலை நான் பொறுக்கினேன்.

"அதுக்கு முந்தியே எனக்குப் பயம். செருப்புக் கழண்டதும் தெரியாத காலெண்டால் அது என்ன கால்? அம்மாளாச்சியெண்டு சனம் சொல்லேக்கை சந்தோசம்தான். ஆனால் வீட்டை வந்து தனிய இருந்தால் பயம். நீ பாத்தாய். நீ படிச்சனி. பெரிசா ஏதுமெண்டால் சொல்லுவாய்தானே எண்டு இருந்தன். நீ ஒண்டும் சொல்லேல்லை."

ஒரு சுளையை எனக்கு நீட்டினார்.

"அதோடை என்ரை பயம் போச்சு. நிம்மதியா நடந்தன்."

சுளையை வாயில் போட்டேன். புளிப்பு, இனிப்பு, இரண்டும் தெரிந்தது.

யூலை 22, செவ்வாய்

வீடு. கட்டுப் போட்ட கால் முக்காலியில், தலையணைக்கு மேலே. காற்று திரும்பவும்.

வகுப்புக்குப் போகவில்லை. செய்தி அனுப்பினேன். "அம்மா சுகமா மிஸ்?" என்று பதில்கள். ஒன்றில் மட்டும் "அப்ப பரீட்சை தள்ளிப்போகுமோ மிஸ்?"

பின்னேரம் அம்மா கேட்டார். "இப்ப சொல்லு. எல்லாம் சொல்லு."

சொன்னேன். பலகை இல்லாமல், படம் இல்லாமல். நார்கள், சீனி, ஏன் நீளமானவை முதலில், ஏன் செத்தவை திரும்பி வராது, ஏன் கிணற்றுக்கட்டைப் பிடிக்கிறார். எப்போதிருந்து எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை. கடைசிப் பகுதியைச் சொல்லும்போதுதான் வசனம் முடியவில்லை. அம்மா முடிக்கச் சொல்லவில்லை.

கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

"அப்ப மற்றக் காலும்?"

"பாக்கவேணும். நான் அதைப் பாக்கேல்லை."

"பார்."

பஞ்சை நூலாகத் திரித்தேன். அம்மாவின் வலது காலை மடியில் வைத்தேன். பாரம். வெடிப்புகளில் செம்மண், கழுவியும் போகாதது.

"கண்ணை மூடுங்கோ. தொட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. தெரியாட்டி சொல்லாதேங்கோ. அவ்வளவுதான்."

மூடினார். இறுக்கி.

கணுக்கால். "ஓம்."

குதி. "ஓம்."

உள்ளங்கால் குழி. கொஞ்சம் பொறுத்து, "ஓம்."

விரல்களுக்குக் கீழே. காத்திருந்தேன். அம்மாவின் கழுத்தில் நாடி துடித்தது. நெற்றி சுருங்கியது. உதடு திறந்து மூடியது. திரும்பத் தொட்டேன். ஒன்றும் இல்லை.

கையை எடுத்தேன். மடியில் வைத்தேன்.

"ஓம்," என்றார் அம்மா. அவசரமாக. என்னைத் தேற்றுகிற குரலில். "ஓம் பிள்ளை, வடிவாத் தெரியுது."

"அம்மா," என்றேன், "நான் இப்ப தொடேல்லை."